கழுந்தும் துளையும்

நாற்காலியில் சாய்ந்து முன்னங்கால்களைத் தூக்கும்போது, உடல் பாரமெல்லாம் பின்காலும் உட்காரும் சட்டமும் சேரும் மூட்டில்தான் இறங்குகிறது. ஒரு தச்சரின் கையை அறிய எனக்கு அந்த மூட்டு போதும்.

சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு கழுந்து. அது காலில் உளியால் குடைந்த துளைக்குள் போய் அமர்கிறது. கழுந்தின் கனம் பொதுவாகச் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. தடித்துவிட்டால் துளையின் சுவர் மெலிந்து கால் பிளக்கும். மெலிந்துவிட்டால் கழுந்தே ஒடியும். ஆனால் ஆட்டத்தைத் தடுப்பது கனத்தைவிடக் கழுந்தின் அகலமும் அது உள்ளே போகும் ஆழமும்தான்.

மூட்டில் பசை தடவும்போது, மரத்தைக் குறுக்கே அறுத்த முனை அதைக் குடித்துவிடும், பிடிப்பு நிற்காது. நார் நெடுக ஓடும் பக்கங்கள் ஒட்டினாலோ, மரம் முறிந்தாலும் ஒட்டு விடுவதில்லை. கழுந்தின் கன்னங்கள் அப்படிப்பட்ட பக்கங்கள்!

பசையே இல்லாமல் இறுக்கும் முறைதான் எனக்கு மிகப் பிடித்தது. காலிலும் கழுந்திலும் மர ஆணிக்கு ஓட்டை போடுவார்கள்; கழுந்தின் ஓட்டை மட்டும் சட்டத்தின் பக்கமாக ஒரு மில்லிமீட்டர்போலத் தள்ளியிருக்கும். அடிக்க அடிக்க ஆணி லேசாக வளைந்து, சட்டத்தைக் காலோடு இழுத்துக் கட்டிவிடும். என்ன நுட்பம்!

ஜெர்மனியின் லைப்சிக் பகுதியில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய கிணறுகளின் ஓக் மரச் சட்டங்களிலேயே கழுந்து மூட்டு இருக்கிறது. உலோகக் கருவி அங்கே வராத காலம் அது. கல் கருவிகளால் செதுக்கியிருக்கிறார்கள்.