‘அமெரிக்கவாதம் எதிர் கம்யூனிசம்’: ஒரு பாடத்தலைப்பின் கருத்துநிலை

பாடநூலை இலக்கியத் திறனாய்வின் பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. கவிதைக்கும் நாவலுக்கும் உரிய ஆய்வுக்கருவிகள் அரச முத்திரை பெற்ற நூல்களுக்கு ஏலா என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆயின், ஆளும் வர்க்கமொன்று தன்னைப் பற்றி இளந்தலைமுறை எவ்வாறு எண்ணவேண்டுமென விரும்புகின்றது என்பது, போட்டி நாடொன்றின் ஆட்சிமுறையை அது வருணிக்கும் இடத்திலேயே மிகத் தெளிவாக வெளிப்படுகின்றது. கெடுபிடி யுத்தக் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் புளொரிடா மாநிலத்தில் நடைமுறைப்படுத்தப்பட்ட பாடமொன்றை இந்நோக்கில் அணுகுவோம்.

1961ஆம் ஆண்டு அம்மாநிலச் சட்டமன்றம், உயர்தரப் பள்ளிகள் அனைத்திலும் குறைந்தது 30 மணிநேரம் ‘அமெரிக்கவாதம் எதிர் கம்யூனிசம்’ என்ற பாடம் கற்பிக்கப்படவேண்டுமெனச் சட்டமியற்றிற்று. ஆட்சிமுறைகளை ஒப்புநோக்கும் பாடம் என்றே சட்டம் இதனைக் கூறிற்று. அதே சட்டம், கம்யூனிசத்தை மேலானதாகக் காட்டும் ஆசிரியருக்கோ நூலுக்கோ இடமில்லை என்றும் விதித்தது. ஒப்பீட்டின் முடிவு ஒப்பீட்டுக்கு முன்னரே சட்டமாகிவிட்டது.

தலைப்பைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். முதலாளித்துவம் எதிர் கம்யூனிசம் என்றிருப்பின், இரு பொருளாதார அமைப்புகள் எதிரெதிர் நிற்கும். சனநாயகம் எதிர் சர்வாதிகாரம் என்றிருப்பின், இரு ஆட்சி வடிவங்கள் நிற்கும். இங்கோ ஒரு பக்கத்தில் நாடொன்றின் பெயர். மறுபக்கத்தில் கோட்பாடொன்றின் பெயர். இணையில்லாத இரண்டை இணையாக நிறுத்தும் இச்சொல்லமைப்பின் விளைவு யாதெனில், தனியுடைமையை வினவுபவர் ஒரு பொருளாதாரக் கொள்கையை மறுப்பவராகவன்றி, நாட்டுக்கே புறம்பானவராக ஆகிவிடுகின்றார். தொழிற்சங்கம் அமைத்த அமெரிக்கத் தொழிலாளியும் இவ்விலக்கணத்தின்படி அந்நியனாகக்கூடும். (சோவியத் ஒன்றியம் என்ற பெயரில் இடப்பெயரோ இனப்பெயரோ இல்லை, ‘சோவியத்’ என்பது மன்றம் எனப் பொருள்படும் ஆட்சியமைப்புப் பெயரே. போட்டி நாட்டின் பெயரே ஆட்சிமுறையாயிருக்க, தன் ஆட்சிமுறைக்கு நாட்டின் பெயரைச் சூட்டிக்கொண்ட இம்முரண் சுவையானது.)

சட்டத்தின் உள்ளடக்கமும் இதனை உறுதிசெய்கின்றது. அரசியலமைப்புவழி ஆட்சியையும் தனியார் போட்டிப் பொருளாதாரத்தையும் ஒரே தொடரில் பிணைத்து, அவை ஐக்கிய அமெரிக்காவின் மண்ணுக்கே உரியவை எனப் பொருள்படும் சொல்லால் அது சுட்டுகின்றது. செமினோல் மக்கள் 1835 முதல் 1842 வரை அரச படைகளை எதிர்த்துப் போரிட்டு, பெரும்பாலோர் மேற்கே துரத்தப்பட்ட நிலத்தில் மண்ணுக்குரியது எதுவெனச் சட்டமன்றம் தீர்மானித்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. உலகின் வேறெந்தப் பொருளாதார அமைப்பையும்விட உயர்ந்த கூலியையும் வாழ்க்கைத் தரத்தையும் சுதந்திரத்தையும் தருவது இதுவே என வலியுறுத்தவேண்டும் என்பதும் சட்டத்தின் ஆணை. கூலியின் அளவு ஆய்ந்தறியப்படும் விடயம் என்ற நிலை மாறி, விசுவாசத்தின் பாற்பட்டதாயிற்று. கூட்டரசுப் புலனாய்வுப் பணியகத்தின் தலைவர் எட்கார் ஹூவர் 1962இல் கம்யூனிசம் பற்றிய பாடநூலொன்றை வெளியிட்டார். ஆட்சிமுறையைக் கற்பிக்கும் நூலைக் காவற்றுறையின் தலைவர் எழுதுவதைவிட இக்கல்வியின் தன்மையைத் தெளிவாக உணர்த்தும் சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய பாடங்கள் கூறியன யாவும் பொய் என வாதிடுதல் மார்க்சியர்க்கு எளிய வழி. ஆயின் அது நேர்மையான வழியன்று. பேச்சுரிமையையும் அச்சுரிமையையும் எழுத்தில் வழங்கிய 1936ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழேயே, 1937-38இல் ஏறத்தாழ 6 இலட்சத்து 80 ஆயிரம் பேர் மரண தண்டனைக்கு உள்ளாயினர் என்பதைச் சோவியத் ஆவணங்களே காட்டுகின்றன. ஒரே வேட்பாளர் நின்ற தேர்தல்களில் தெரிவு என்பது பெயரளவினதே. இவற்றை மறைத்த நமது எழுத்துகள் மார்க்சியத்துக்கு ஊறு செய்தன. எனவே குறை, கூறப்பட்ட உண்மைகளில் அன்று. அவ்வுண்மைகள் எப்பணிக்கு அமர்த்தப்பட்டன என்பதிலேயே உள்ளது. 1961இல் புளொரிடாவின் பள்ளிகள் மிகப் பெரும்பாலும் நிற அடிப்படையில் பிரிக்கப்பட்டேயிருந்தன. தெற்கத்திய மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்க 1965இல் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. பிரிக்கப்பட்ட அவ்வகுப்பறையில் அமர்ந்த கறுப்பின மாணவன், தொலைதூர நாடொன்றில் உண்மையான வாக்கில்லை என்பதைக் கற்கவேண்டியிருந்தது. தன் தந்தையின் வாக்கைப் பற்றிய கேள்விக்கு அத்தலைப்பில் இடமில்லை.

சோவியத் பாடநூல்களும் இத்தகைய பணியையே மறுதிசையில் ஆற்றின. எனினும் 1988இல், வரலாற்றுப் பாடநூல்கள் நம்பத்தகாதன என்ற நிலையில், அவ்வாண்டுப் பள்ளியிறுதி வரலாற்றுத் தேர்வு அங்கு கைவிடப்பட்டது. புளொரிடாவின் பாடம் 1991வரை சட்டத்தில் நீடித்தது.

அது மீண்டும் வந்துள்ளது, வேறு வடிவில். 2022இல் அம்மாநிலம் நவம்பர் 7ஆம் நாளை, அதாவது ஒக்டோபர்ப் புரட்சியின் ஆண்டுநாளை, கம்யூனிசத்தால் மாண்டோரின் நினைவுநாளாக்கி, அமெரிக்க ஆட்சிமுறைப் பாடத்தில் 45 நிமிடங்களை அதற்கு ஒதுக்கிற்று. 2024ஆம் ஆண்டுச் சட்டம், 2026-27 கல்வியாண்டு முதல் கம்யூனிச வரலாற்றைக் கீழ்வகுப்புகளுக்கும் விரித்தது. பழைய சட்டம், பெயரளவிலேனும், இரு அமைப்புகளை ஒப்பிடுமாறு கூறிற்று. உடைமை யாருடையது என்ற கேள்வி எதிர்நிலையிலாவது வகுப்பறைக்குள் நுழைய அதனால் ஒரு வாயிலிருந்தது. 2022இன் 45 நிமிடங்களோ மாண்டோரின் எண்ணிக்கையை மையமாகக் கொண்டவை. எதிர்ப்பதமாக நின்ற ‘அமெரிக்கவாதம்’ என்ற சொல்லும் தலைப்பிலிருந்து நீங்கிவிட்டது.