கலைந்து நீந்தும் கூட்டம்

வண்ண மீன் கடையில் நிற்பவர்களைப் பாருங்கள். நியான் டெட்ராக்கள் ஒரே கொத்தாகத் திரண்டு இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பாயும்போதுதான் "ஆகா" என்பார்கள். தொட்டியோடு பழகியவர்களுக்கு அந்தக் காட்சி பிடிக்காது. இறுகிய கூட்டம் பயந்த கூட்டம். நிம்மதியாக இருக்கும் மீன்கள் தளர்ந்துதான் நீந்தும். ஒன்று இலையைக் கொத்தும், ஒன்று மணலை முகரும், இரண்டு ஆண்கள் துடுப்பை விரித்துப் பொய்ச்சண்டை போடும். ஆனாலும் எதுவும் மற்றவற்றின் கண்ணை விட்டு விலகாது. யாராவது குறுக்கே போனால் ஒரு கணம் சேர்ந்துகொள்ளும், பிறகு கலையும். எவ்வளவு சீக்கிரம் கலைகிறது என்பதுதான் வளர்ப்பவரின் கைத்திறனுக்கு அளவுகோல்.

கூடுவதற்குக் காரணம் பாசம் இல்லை. ஆபத்து வரும்போது தனக்கும் எதிரிக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றும் நெருங்குவதாலேயே கூட்டம் உருவாகிவிடும் என்று 1971இல் உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் வாதிட்டார். அதற்கும் முன்பே, 1938இல், விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் வேறொன்றைக் கண்டிருந்தார். அடிபட்ட மீனின் தோலிலிருந்து கசியும் ஒரு பொருள் கூட்டம் முழுவதையும் மிரட்டிவிடுகிறது. டெட்ரா, பார்ப், டேனியோ, ரஸ்போரா எல்லாம் இந்தத் தன்மையுள்ள பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. வலையை முரட்டுத்தனமாக விட்டு ஒரு மீனின் தோல் உரிந்தால் போதும், தொட்டியே ஒடுங்கிவிடும்.

நம் கடைகளில் "ஜோடி என்ன விலை?" என்று கேட்கும் வழக்கம்தான் கூட்டமீன்களுக்குப் பெரிய கேடு. கல்யாணச் சீர்வரிசை மாதிரி எல்லா வகையிலும் இரண்டிரண்டு வாங்கி வருகிறோம். துணையில்லாத இரண்டு டெட்ரா பாறைக்குப் பின்னால் ஒளியும். இரண்டு டைகர் பார்ப் ஏஞ்சல் மீனின் துடுப்பைக் கடிக்கும். வகையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஆறு என்பது கீழெல்லை, பன்னிரண்டில்தான் அழகு தொடங்குகிறது. எட்டு வகை மீன் இருக்கும் தொட்டியைவிட இரண்டு வகை இருக்கும் தொட்டியே என் கண்ணுக்குப் பணக்காரத் தொட்டி.

புழல் ஏரிக்குத் தெற்கே இருக்கும் கொளத்தூர் இந்தியாவின் வண்ண மீன் வணிகத்துக்கே பெயர்பெற்ற இடம். அங்கிருந்து ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளில் ஜி.என்.டி. சாலை வழியாக வடக்கே போகும் மீன்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு வந்து சேரும்போது சந்திப்பது வெயிலும் உப்பும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது பழைய கதை. போர் தண்ணீர் கடினம். மே மாதத்தில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும். நியானோ மேல் அமேசான் ஓடைகளின் மென்னீரில், 20 முதல் 26 டிகிரிக்குள் சுகமாக இருக்கும் மீன். கேன் தண்ணீர் கலந்து, மூடியில் ஃபேன் மாட்டி அதைக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொறுமை பெரிது. எனக்கென்னவோ தண்ணீரை மாற்றுவதைவிட மீனை மாற்றுவது புத்திசாலித்தனமாகப் படுகிறது.

நம் நீர்நிலைகளிலேயே இருக்கும் கண்ணாடி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளெலும்பும் காற்றுப்பையும் வெளியே தெரியும் உடல். கடினநீர் அதற்கு ஒத்துக்கொள்ளும், லேசான உப்பையும் தாங்கும். பக்கவாட்டில் மாலை வெளிச்சம் விழும்போது உடம்பில் பொன்னும் நீலமும் ஓடி மறையும். ஐந்தாறாக வைத்தால் மூலையில் ஒட்டிக்கிடக்கும். பதினைந்தாக, கருப்புப் பின்னணியில் வைத்தால் நடுத்தண்ணீரில் அசையாமல் நின்று, ஒன்றாகத் திரும்பும். இதன் உடம்பில் ஊசியால் சாயம் ஏற்றி இளஞ்சிவப்பாகவும் பச்சையாகவும் விற்கிற வியாபாரத்தை என்னவென்று சொல்வது! ஒளி ஊடுருவுவதுதானே அந்த மீன்.

அதற்கு மேல்தண்ணீரில் ஒரு டஜன் சீப்ரா. 1822இல் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்கள் பற்றிய தன் நூலில் பதிவுசெய்த டேனியோ ரேரியோதான் இது. ஆய்வுக்கூடங்களில் புகழ்பெற்றுவிட்டதால் தொட்டியில் இதை யாரும் மதிப்பதில்லை. இடம் பெரிதென்றால், நான்கு அடித் தொட்டியென்றால், இழைத்துடுப்புப் பார்ப்: வெள்ளி உடல், வாலருகே கரும்புள்ளி, வளர்ந்த ஆணின் முதுகுத்துடுப்பிலிருந்து நூல்நூலாக நீளும் இழைகள். இளம் மீனைப் பார்த்து யாரும் வாங்க மாட்டார்கள். காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கான மீன் அது. மிஸ் கேரளா மீனுக்கு மட்டும் ஆசைப்பட வேண்டாம். 1865இல் ஃபிரான்சிஸ் டே அதற்குச் சென்னை மாகாண ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டினார் என்றாலும், அது மேற்குத்தொடர்ச்சி மலையின் குளிர்ந்த ஓடுநீருக்குரியது. இயற்கையில் அழியும் நிலையிலும் இருக்கிறது.

3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் சுமார் 120 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி மீனுக்கும் சீப்ராவுக்கும் அது போதும். அடியில் கருமணல், ஓரங்களில் அடர்ந்த செடி, நடுவில் வெட்டவெளி. ஒளிந்துகொள்ள இடம் இருப்பது தெரிந்தால்தான் மீன் வெளியே வரும். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று. ஃபில்டரில் நுண்ணுயிர் ஊறி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வரச் சில வாரம் ஆகும். அதுவரை காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மீன் விட்ட முதல் வாரம் கூட்டம் இறுகியே இருக்கும். விளக்கைக் குறைத்து, கிட்டே போகாமல் இருங்கள். இரண்டாம் வாரமும் அப்படியே இருந்தால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். தண்ணீர் சரியென்றால் இன்னும் ஆறு மீன் வாங்கி விடுங்கள்.