வண்ணக் கண்ணாடியும் தொழுவோர் பார்வையும்

ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில், இரண்டாம் உலகப் போரில் பழைய கண்ணாடியை இழந்த தென்புறப் பெருஞ்சாளரத்திற்கு ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் புதிய வடிவம் தந்தார். 2007இல் அது திறக்கப்பெற்றது. 72 வண்ணங்களில் 11,263 சதுரத் துண்டுகள். புனிதர் உருவம் ஒன்றுகூட இல்லை. வண்ணங்களின் வரிசையைப் பெரும்பாலும் கணினியின் தற்செயல் தேர்வுக்கே அவர் விட்டிருந்தார். அந்நகரின் பேராயர் கர்தினால் மைஸ்னரோ, இது பள்ளிவாசலுக்கே பொருந்தும் என்று குறைகூறினார்.

இக்கூற்றைக் கேட்டு நாம் மகிழ வேண்டியதில்லை. உருவத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது இஸ்லாமியக் கலை என்னும் எளிய கணக்கு இதில் அடங்கியிருக்கிறது. பள்ளிவாசல் கட்டும் நம்மவரிடமும் இதே கணக்கு உண்டு. எண்கோண விண்மீனும் கொடிப்பின்னலும் வரைந்த கண்ணாடியைச் சாளரத்தில் பொருத்திவிட்டால் போதும் என எண்ணுகிறோம். அதன் வழியே வரும் ஒளி எங்கே விழும் என்பதைக் கேட்பதில்லை.

வண்ணக் கண்ணாடி வடிவமைப்பாளனுக்குக் கண்ணாடி கருவி மட்டுமே. அவன் ஆக்குவது ஒளியை. ஜிப்சப் பலகையைக் குடைந்து, பின்புறம் வண்ணத் துண்டுகளைப் பதிக்கும் அரபுக் கைவினைஞர்கள், கீழே நிற்பவரை நோக்கி ஒளி இறங்குமாறு துளைகளைச் சாய்வாகவே குடைந்தனர். ஷீராஸ் நகரில் 1888இல் நிறைவுற்ற நஸீருல் முல்க் பள்ளியின் வண்ணச் சாளரங்கள் முற்றத்தை நோக்கியவை. காலை வெயில் அவற்றின் வழியே நுழைந்து விரிப்புகளில் படிகிறது. இஸ்தன்பூல் சுலைமானிய்யாப் பள்ளியில் (1557) கிப்லாச் சுவரிலேயே வண்ணக் கண்ணாடி உள்ளதே எனலாம். அங்கே கிப்லா தென்கிழக்கு. அஸர் வேளையின் வெயில் தொழுவோரின் எதிரே நிற்பதில்லை.

நாஞ்சில் நாட்டின் நிலை வேறு. இங்கே கிப்லா மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்தது. ஜூன் மாதத்தில் கதிரவன் ஏறக்குறைய அத்திசையிலேயே மறைகிறது. சுலைமானிய்யாவைப் படியெடுத்து மிஹ்ராபின் இருபுறமும் வண்ணக் கண்ணாடி வைத்தால், அஸர் தொழுபவரின் முகத்துக்கு நேரே அது பற்றியெரியும். கோலமிட்ட ஆடையொன்று தொழுகையில் கவனத்தை ஈர்த்ததால் நபிகள் நாயகம் (ஸல்) அதை அபூ ஜஹ்மிடமே திருப்பியனுப்பிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் உண்டு. ஆடைக்குரிய அந்த எச்சரிக்கை சாளரத்துக்கும் உரியதே. மேலும், இரு பருவமழைகளையும் பெறும் இம்மாவட்டத்தில், ஈரத்தில் கரையும் ஜிப்சம் புறச்சுவரில் நெடுநாள் நிற்காது.

பின்பற்றத்தக்க பாடத்தைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பீர்முகம்மது அப்பா அடங்கியுள்ள தக்கலையை அடுத்தே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராயிருந்த அவ்விடத்தில், மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் மரச் சாளரங்களில் வண்ண மைக்காத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. அவை வெப்பத்தையும் தூசியையும் தடுத்து, அறையைக் குளிர்ச்சியும் மங்கலுமாக வைத்திருக்கின்றன. வடநாட்டுக் குளிரில் ஒளியைப் பெருக்கி அழைத்த கலை, இந்த வெயில் மண்ணில் ஒளியை அடக்கி அனுப்பக் கற்றுக்கொண்டது. சிந்தனைக்குரிய அறைக்கு எவ்வளவு ஒளி போதும் என்பதை அத்தச்சர்கள் அறிந்திருந்தனர்.

எனவே, நம் பள்ளிவாசலுக்குக் கண்ணாடி வடிவமைக்க வரும் கலைஞன் முதலில் மாதிரிப் புத்தகத்தைப் புரட்டுதல் முறையன்று. வெற்றுச் சுவர்களுக்கிடையே ஐந்து வேளையும் நின்று, வெயிலின் போக்கைக் குறித்துக்கொள்ளட்டும். வண்ணத்தைக் கிழக்கிலோ, பார்வைக்கு மேலான உயரத்திலோ வைக்கட்டும். கிப்லாச் சுவரை அமைதியாக விடட்டும். தொழுது முடித்துத் திரும்புகையில்தான் அழகு கண்ணில் பட வேண்டும்.