அவசரப்படாத மெக்ரே

துப்பறிவாளர்களில் என் மனத்துக்கு மிக நெருங்கியவர் ஜார்ஜ் சிமெனோன் படைத்த மெக்ரே. பூதக்கண்ணாடியோடு தரையில் தவழ்கிறவர் இல்லை. கனத்த ஓவர்கோட்டும் பைப்புமாகக் கொலை நடந்த தெருவில் போய் நிற்பார்; மழையில் நனைவார்; மூலைக் கடையில் பியர் குடித்தபடி அக்கம்பக்கத்துப் பேச்சுக்குக் காது கொடுப்பார். மாடிப்படியின் மெழுகு வாசனையும் யார் வீட்டிலோ வெங்காயம் வதங்கும் மணமும் அவருக்குள் ஊறும்வரை அவசரமே கிடையாது.

விசாரணை இன்னும் அழகு. பாரிஸின் ஆற்றங்கரை அலுவலகத்தில் கரி அடுப்பைக் கிளறிவிட்டு, புகையிலையை விரலால் மெல்ல அழுத்துவார். பக்கத்துக் கடையிலிருந்து சாண்ட்விச் வரும். இரவு நீளும். அதட்டலைவிட மௌனமே அதிகம். எதிரே இருப்பவன் கடைசியில் வாய் திறக்கும்போது மெக்ரே முகத்தில் வெற்றிக் களிப்பு இருக்காது. பல கதைகளில் அவனுக்காக வருந்தவும் செய்வார்.