முதலாண்டு மாணவரும் உளவியலின் 'மனிதரும்': அறிமுகப் பாடம் பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

உளவியலை ஒரு பாடமாகப் பயிலப் புகும் முதலாண்டு மாணவர் கையில் வந்துசேர்வது, பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் எழுதப்பெற்ற, அல்லது அதனை அடியொற்றி வேறிடத்தே எழுதப்பெற்ற, பருத்த அறிமுகநூல் ஒன்றாகும். நரம்புத் தொகுதியில் தொடங்கிப் புலனுணர்வு, கற்றல், ஞாபகம், நுண்மதி, ஆளுமை, உளப்பிறழ்வு, சமூக நடத்தை என அத்தியாயம் அத்தியாயமாக அது செல்லும். நூலெங்கணும் 'மனிதர்' என்ற சொல் விரவி வரும். மனிதர் இவ்வளவு இலக்கங்களையே ஒரே வேளையில் நினைவிற் கொள்வர். மனிதர் பெரும்பான்மையோரின் கருத்துக்கு இணங்கிப்போவர். மனிதர் அதிகாரத்துக்குப் பணிவர். இம்மனிதர் யாவர், எங்கு வாழ்பவர், எவ்வர்க்கத்தினர் என்ற வினா மட்டும் நூலின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றது. அண்மைக்காலப் பதிப்புகள் சிலவற்றிற் 'பண்பாடு' பற்றிய பெட்டிச் செய்திகள் இடம்பெறுகின்றன என்பது உண்மையே. ஆயின் பெட்டிக்கு உள்ளே இருப்போருக்குப் பண்பாடு உண்டு, வெளியே இருப்போருக்கு உளவியல் உண்டு என்ற பிரிவினையையே அது மறைமுகமாகக் கற்பிக்கின்றது.

இந்நிலை தற்செயலாய் ஏற்பட்டதன்று. உளவியலின் பிறந்த ஆண்டாக 1879 குறிக்கப்படுகின்றது. வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடம் நிறுவிய ஆண்டு அது. மாணவர் இதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதுவர். அதே வுண்ட், மொழி, தொன்மம், வழக்காறு என்பவற்றில் வெளிப்படும் உயர் உளச்செயல்களை ஆய்வுகூடத்தில் அளத்தல் இயலாது, சமூக வரலாற்றினூடாகவே அவற்றை ஆராய்தல் வேண்டும் எனக் கருதி, 1900 முதல் 1920 வரை 'மக்கள் உளவியல்' எனும் பொருளிற் பத்துத் தொகுதிகளை எழுதினார் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? அமெரிக்க மாணவர் தலைமுறைகளுக்கு இத்துறையின் வரலாற்றைக் கற்பித்த எட்வின் போறிங்கின் 1929ஆம் ஆண்டு நூலில் ஆய்வுகூடத்து வுண்டே மேலோங்கி நின்றார். போறிங் ரிச்சனரின் மாணவர். ரிச்சனர் வுண்டின் மாணவர். குருபரம்பரை பாதிக் குருவையே கையளித்தது எனலாம்.

லைப்சிக் ஆய்வுகூடம் பற்றிக் குர்ட் டான்சிகர் 1990இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு செய்தியையும் தருகின்றது. அங்கே பரிசோதிப்பவரும் பரிசோதிக்கப்படுபவரும் தம்முள் இடம் மாறிக்கொண்டனர். வுண்டே பரிசோதிக்கப்படுபவராக அமர்ந்ததுண்டு. தம் அநுபவத்தை நுணுகி நோக்கிக் கூறுபவரின் பங்கு தாழ்ந்ததாகக் கருதப்படவில்லை. அமெரிக்காவில் உளவியல் வேரூன்றியபோது இவ்வேலைப் பிரிவினை இறுகியது. ஒருபுறம் பரிசோதகர், மறுபுறம் பெயரற்ற திரள். பெருகிவந்த பாடசாலை நிருவாகத்துக்கு வேண்டியிருந்தவை திரளின் சராசரிகளே. அவற்றை வழங்கவல்ல ஆய்வுமுறை அங்குச் செல்வாக்குப் பெற்றமை வியப்பன்று.

அப்பெயரற்ற திரளாக அமைந்தவர் பெரும்பாலும் உளவியல் பயில வந்த மாணவரேயாவர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், அறிமுகப் பாடத்தைப் பயிலும் மாணவர் தம் துறையினர் நடத்தும் பரிசோதனைகளிற் சில மணிநேரம் பங்குபற்ற வேண்டும். விரும்பாதோர் அதற்கீடாகக் கட்டுரை போன்ற வேறொரு பணியைச் செய்யலாம். இவ்வாறு பெறப்படும் தரவுகள் கட்டுரைகளாகி, கட்டுரைகள் பாடநூலாகி, அடுத்த ஆண்டின் முதலாண்டு மாணவரிடம் 'மனித இயல்பு' எனும் பெயரில் வந்துசேர்கின்றன. நிலவும் மனித நடத்தை அறிவியல் பெரும்பாலும் இரண்டாமாண்டு மாணவரின் நடத்தை பற்றிய அறிவியலே எனக் குவின் மக்னமார் 1946இலேயே சுட்டிக்காட்டினார். அவ்வெச்சரிக்கை பலமுறை மேற்கோள் காட்டப்பட்டது, நடைமுறை மாறவில்லை. 2003 முதல் 2007 வரையிலான ஆறு முக்கிய அமெரிக்க ஆய்விதழ்களை ஆராய்ந்த ஜெஃப்றி ஆர்னெற், பரிசோதிக்கப்பட்டோருள் 68 வீதத்தினர் ஐக்கிய அமெரிக்கர், 96 வீதத்தினர் மேலைக் கைத்தொழில் நாட்டினர் என 2008இற் கணக்கிட்டார்.

இக்கணக்கிலும் ஆழமானது டேவிட் சியர்ஸ் 1986இல் எழுப்பிய வாதம் என்பது நமது கருத்து. மாணவர் எண்ணிக்கையில் மிகுதி என்பதோடு அவர் நிற்கவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதினரின் மனப்பாங்குகள் இன்னும் இறுகாதவை, தன்னுணர்வு நிலைபெறாதது, நண்பர் வட்டம் மாறிக்கொண்டிருப்பது, சோதனைத் தாளுக்கு விடையளிக்கும் திறனோ தேர்ந்தெடுக்கப்பட்டது, ஆசிரியரின் பணிப்புக்கு இணங்கிச் செல்லும் பழக்கமோ பல்லாண்டுப் பள்ளிப்படிப்பின் பயன். சமூக உளவியல் வரைந்துகாட்டும் மனிதரும் இத்தகையவரே: எளிதில் இணங்குபவர், கருத்தை மாற்றிக்கொள்பவர், பொருளாதார நலன்களோ நிலைத்த குழுப்பற்றோ பெரிதாக இயக்காதவர். மாணவ வாழ்க்கையின் ஒரு கட்டம் மனித இயல்பாக உயர்த்தப்பட்டது. தொழிற்சங்கத்தில் இருபதாண்டு நின்ற ஒருவரை அவ்வாய்வுகூடத்தில் இருத்தியிருந்தால் இணக்கம் பற்றிய அத்தியாயம் எவ்வாறு அமைந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஓர் உதாரணத்தைச் சற்று விரித்து நோக்குவோம். வோல்ற்றர் மிஷெலின் 'மாஷ்மலோ' பரிசோதனையை அறியாத உளவியல் மாணவர் இலர். குழந்தையின் முன் ஓர் இனிப்பு வைக்கப்படும். உண்ணாது காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். நெடுநேரம் காத்திருந்தோர் பிற்காலத்தில் அனுமதித் தேர்வுகளில் மிகுந்த புள்ளி பெற்றனர் என 1990இல் வெளிவந்த தொடராய்வு கூறியது. புலனடக்கமே வாழ்வின் வெற்றிக்குத் திறவுகோல் என்ற போதனைக்கு அறிவியற் சான்று கிடைத்துவிட்டதாகப் பலரும் மகிழ்ந்தனர். ஏழையின் ஏழ்மைக்கு அவரது குணமே காரணம் எனும் பழைய முதுமொழியும் கூடவே புத்துயிர் பெற்றது. பரிசோதனை நடந்தது ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக வளவினுள் அமைந்த பாலர் பள்ளியில். குழந்தைகளுட் பெரும்பாலோர் அப்பல்கலைக்கழகச் சூழலைச் சேர்ந்தோரின் பிள்ளைகள். 2018இல் வாட்ஸ், டங்கன், குவான் ஆகியோர், பெரும்பாலும் பட்டம் பெறாத தாய்மாரின் பிள்ளைகள் உள்ளிட்ட, 900க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்தனர். பழைய தொடர்பு பாதியளவாகக் குறைந்தது. குடும்பப் பின்னணி, இளமைக்கால அறிதிறன், வீட்டுச் சூழல் என்பவற்றைக் கணக்கிற் கொண்டபோது, எஞ்சியதிலும் மூன்றில் இரு பங்கு மறைந்தது.

இதனினும் சுவையானது இப்பரிசோதனையின் முன்வரலாறு. மிஷெல் இத்தகைய வினாவை முதலில் எழுப்பியது திரினிடாட் தீவிலாகும். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களும், ஆபிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்களும் அங்கு வாழ்ந்தனர். ஒருசாரார் மறுசாராரை உடனின்பம் நாடுவோர் என்றும் கருமிகள் என்றும் பழித்தனர். 1958இல் வெளியான அவ்வாய்வு, சிறுவரிடையே காணப்பட்ட வேறுபாட்டை வீட்டில் தந்தை இல்லாமையோடு தொடர்புபடுத்தியது. தோட்டப் பொருளாதாரம் ஒரே உழைப்பாளர் வர்க்கத்தை இனம் இனமாகப் பிரித்துவைத்த வரலாறு அவ்வாய்வின் வாசலில் நின்றது. நம் மலையகத்தை அறிந்த வாசகருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பாடநூலோ திரினிடாட்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டு ஸ்ரான்போர்டிலேயே கதையைத் தொடங்குகின்றது. 2013இல் கிட், பால்மெரி, அஸ்லின் ஆகியோர், பரிசோதகர் முன்னரே ஒரு வாக்கை மீறியிருந்தால் குழந்தைகள் சராசரியாக ஏறத்தாழ 3 நிமிடமும், காப்பாற்றியிருந்தால் 12 நிமிடமும் காத்திருப்பதைக் காட்டினர். வாக்களிப்பவரை நம்பலாமா என்று அறிந்து நடத்தல் பலவீனமன்று, அது உலகியலறிவு.

நம் நாட்டில் உளவியல் நெடுங்காலம் மெய்யியலின் நிழலிலும் ஆசிரியப் பயிற்சியின் நிழலிலும் வளர்ந்தது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னரே அதற்குத் திடீர்த் தேவை உண்டாயிற்று. 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' எனும் வகைப்பாடும் அதற்குரிய வினாக்கொத்துகளும் கரையோரக் கிராமங்களை வந்தடைந்தன. வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்கப் படையினரின் நிலை பற்றிய வாதங்களின் பின்னணியில், 1980இல் அமெரிக்க உளமருத்துவ வகைப்பாட்டினுள் நுழைந்த நோய்ப்பெயர் அது. வடபுலத்தில் இந்நோயை ஆராய்ந்தவரும் சிகிச்சையளித்தவருமான பேராசிரியர் தயா சோமசுந்தரம் அதனை மறுக்கவில்லை. ஆனால் தனியாளை மட்டும் நோக்கும் அளவுகோலுக்கு அகப்படாத பாதிப்பொன்றை, குடும்பமும் ஊரும் அடைந்த 'கூட்டு மனவடு' என 2007ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினார். இடம்பெயர்ந்து, உறவினரைத் தேடி, சடங்கு செய்யவும் வழியற்றிருந்த ஒரு தாயின் துயரம், வினாக்கொத்தின் 'ஆம், இல்லை' என்பவற்றுள் எப்பகுதியில் அடங்கும்? அவ்வினாவை எழுப்பும் ஆற்றலை அறிமுகப் பாடம் நம் மாணவருக்குத் தருவதில்லை. தம் தாயையும் ஊரையும் பொதுவிதிக்கு விலக்கான உதாரணமாகக் காணவே அது பழக்குகின்றது.

இதற்கு மாற்றாகக் கீழைத்தேய உளவியலை நாடுவோரும் நம்மிடையே உளர். சைவசித்தாந்தத்திலும் பௌத்த அபிதர்மத்திலும் யாவும் உண்டென்பது இவர்தம் துணிபு. அந்நூல்களின் நுட்பத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அவற்றின் 'ஆன்மா' அல்லது 'சித்தம்' சாதி, நிலம், கூலி என்பவற்றால் தீண்டப்படாததாகவே பேசப்படும்போது, ஸ்ரான்போர்ட்டின் வரலாறற்ற குழந்தைக்குப் பதிலாக வரலாறற்ற ஆன்மா ஒன்றே நமக்குக் கிடைக்கும். பரிசோதனை முறையைக் கைவிடவும் நியாயமில்லை. மாஷ்மலோ கதையின் குறையை வெளிப்படுத்தியதும் விரிவான மாதிரியும் கவனமான பரிசோதனையுமேயன்றி வேதநூல் எதுவுமன்று.

பாடத்திட்டம் திருத்தப்படும்வரை காத்திராமல் விரிவுரையாளர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வொரு பரிசோதனையையும் கற்பிக்கும்போது, அதிற் பங்குபற்றியோர் யார், எந்த ஊரினர், அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது, மறுக்கும் உரிமை இருந்ததா என்பவற்றை முடிவுக்கு முன்னரே கரும்பலகையில் எழுதிவிடலாம். மிஷெலைப் பற்றிய விரிவுரையை 1958ஆம் ஆண்டுத் திரினிடாட்டிலிருந்து தொடங்கலாம். தோட்டத்திலிருந்தும் மீள்குடியேறிய கிராமத்திலிருந்தும் வந்த மாணவர் அவ்வகுப்பிற் பேசுவதற்குச் செய்திகள் உண்டு.