கதவு ரப்பரும் 'வேர் அண்ட் டேர்' என்ற பதிலும்

"வேர் அண்ட் டேர் சார், வாரண்டில வராது."

வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத காரின் முன்கதவு ரப்பர் நசுங்கி, மழைத்தண்ணி உள்ளே இறங்கி, கார்ப்பெட் ஊறிப்போனதைக் காட்டியபோது எனக்குக் கிடைத்த பதில் இது. எந்த சர்வீஸ் சென்டர் என்பது முக்கியமில்லை. அந்தப் பதில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைப் பார்ப்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் வாரண்டி புத்தகத்தை எடுத்துப் படித்தேன். வைப்பர் பிளேடு, பிரேக் பேடு, கிளட்ச் தட்டு, ரப்பர் பாகங்கள் எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன. எல்லாமே 'இயல்பான தேய்மானம்', எனவே விலக்கு. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அதே புத்தகத்தின் பராமரிப்பு அட்டவணைக்குப் போனால் பிரேக் பேடை எப்போது பார்க்க வேண்டும், ஆயிலை எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. கதவு ரப்பர் பற்றி ஒரு வரி இல்லை. பராமரிப்பு என்று வந்தால் அது தேயாத பொருள், வாரண்டி என்று வந்தால் தேயும் பொருள். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

'தேய்மானம்' என்ற சொல்லே இங்கே பொருந்தவில்லை என்பது என் வாதம். பிரேக் பேடு உரசித்தான் வேலை செய்கிறது, அது தேய்வது நியாயம். மெக்கானிக்குகள் 'பீடிங்' என்று சொல்கிற கதவு ரப்பரின் வேலை வேறு. கதவின் விளிம்பில் ஓடும் உள்ளீடற்ற ஸ்பாஞ்ச் குழாய் அது. கதவை மூடினால் அமுங்க வேண்டும், திறந்தால் பழைய வடிவத்துக்கு எழ வேண்டும். அது கெட்டுப்போகிற விதங்கள் குறைந்தது நான்கு. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பொறுப்பும் வேறு.

ஒன்று, கிழிசல். டிரைவர் பக்கம் கீழ்விளிம்பில் மட்டும் இருந்தால், ஏறி இறங்கும்போது செருப்பு உரசியோ சீட் பெல்ட் கொக்கி நடுவில் மாட்டியோ கிழிந்திருக்கும். அது நம் கணக்கு. அதிகம் திறக்காத பின்கதவுகளில், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கிழிந்திருந்தால், ரப்பரைப் பொருத்திய விதத்தையோ கீழே உள்ள தகட்டு விளிம்பையோ சந்தேகப்பட வேண்டும்.

இரண்டு, அமுங்கல். குழாய் தட்டையாகி எழவே எழாது. ஒரே இடத்தில் மட்டும் அப்படி இருந்தால், கதவு கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று, வெடிப்பு. இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு, காற்றிலுள்ள ஓசோன் அங்கேதான் தாக்கும். இன்றைய கார்களின் கதவு ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். 1960களில் சந்தைக்கு வந்தது. அதன் முதன்மைச் சங்கிலியில் அந்த இரட்டைப் பிணைப்பு இல்லை. கூடவே கலக்கும் கார்பன் கருமை புற ஊதாக் கதிரையும் தாங்கும். அப்படிப்பட்ட பொருள் இரண்டே வருஷத்தில் வெடித்தால் கலவையின் தரத்தைக் கேட்பதுதான் முறை.

நான்கு, ஊறி இளகுதல். இது முழுக்க நம் கைவேலை. ஈ.பி.டி.எம். வெயிலுக்கு அஞ்சாது, பெட்ரோலிய எண்ணெய்க்கு அஞ்சும். பளபளப்புக்காக மண்ணெண்ணெய், பெட்ரோல், கிரீஸ், வாசலைன் தடவினால் ரப்பர் அதை உறிஞ்சி உப்பி இளகிவிடும்.

நான்கையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் யாரும் எதையும் பார்க்க வேண்டியதில்லை. பதில் சொன்னவர் என் காரின் ரப்பரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த சமாதானம், "மெட்ராஸ் வெயில் சார்". இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சூடு கூடக் கூட ரப்பர் நிரந்தரமாக அமுங்குவதும் வேகப்படும். மேடவாக்கம் பக்கம் மெட்ரோ வேலைப் புழுதி, லாரிப் புழுதி எல்லாம் ரப்பரில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அறுக்கவும் செய்யும். ஆனால் இந்த ஊர் வெயில் கார் கம்பெனிகளுக்குப் புதுசா? ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பெருங்களத்தூரில் உருவானது. ஃபோர்டு மறைமலை நகரில் 2022 வரை கார் செய்தது. ஹூண்டாய் 1998லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறது. ரெனோ-நிசான் 2010ல் ஒரகடத்தில் கார் செய்யத் தொடங்கியது. கார்கள் பிறந்து வெளியே வருகிற அதே வெயிலை, எதிர்பாராத விபத்து மாதிரி சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

என் கதைக்கு வருகிறேன். சேலையூரில் ஒரு டிங்கரிடம் காட்டினேன். அவர் ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து, மூடி, இழுத்துப் பார்த்தார். பின்பக்கம் கீழே காகிதம் அசையவில்லை, முன்பக்கம் மேலே வழுக்கிக்கொண்டு வந்தது. "கதவு சாஞ்சிருக்கு சார், ரப்பர் என்ன பண்ணும்?" என்றார். கீல் போல்ட்டைத் தளர்த்தி, பூட்டு மாட்டும் ஸ்ட்ரைக்கரைச் சற்று நகர்த்தி, அரை மணியில் முடித்தார். நசுங்கிய ரப்பர் இனி எழாது என்பதால் அதை மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. கதவைச் சரிசெய்யாமல் ரப்பரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் அதே இடத்தில் நசுங்கியிருக்கும். ஆக, 'தேய்மானம்' என்பது கஞ்சத்தனமான பதில் மட்டுமல்ல, தவறான பதிலும்கூட. கோளாறு ரப்பரிலேயே இல்லை.

ஒரு ரப்பருக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்கலாம். உள்ளே இறங்கும் தண்ணி கார்ப்பெட்டுக்கு அடியில் தங்கும். பல கார்களில் ஒயர் இணைப்புகள் அங்கேதான் ஓடுகின்றன. தரைத்தகடு துருப்பிடிப்பது வெளியே தெரியவும் தெரியாது. அதே சமயம் ரப்பரிடம் அதிகமாகவும் எதிர்பார்க்கக் கூடாது. அது மழைக்கானது, வெள்ளத்துக்கானதல்ல. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மூழ்கிய கார்களை எந்த பீடிங்கும் காப்பாற்றியிருக்காது. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்தியவர்கள் அதைப் புரிந்தவர்கள்தான்.

நீங்களே செய்யக்கூடியது எளிது. மழைக்காலத்துக்கு முன் நான்கு கதவிலும் சுற்றிவரக் காகிதத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். ஈரத்துணியால் புழுதியைத் துடையுங்கள், வேண்டுமானால் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மண் அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் கணக்கில் விற்கும் ஏதோ ஒரு பீடிங்கை ஒட்டாதீர்கள். அளவு பொருந்தாவிட்டால் கதவை அறைந்து மூட வேண்டிவரும்.

வாரண்டிக்குள் இருந்தால் 'வேர் அண்ட் டேர்' என்றதும் திரும்பி வராதீர்கள். எந்த இடத்தில், எந்த விதமான சேதம், என்ன காரணம் என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அங்கே போக வேண்டிவந்தால் அந்தத் தாள்தான் உதவும். போகவேண்டி வராமலும் இருக்கலாம். காரணத்தை எழுத வேண்டுமென்றால் முதலில் யாராவது குனிந்து அந்த ரப்பரைப் பார்த்தாக வேண்டும் அல்லவா?