ரேகையும் வீரமும்

கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' புதினத்தில் தலைவர் இருவர். அருள்மொழிவர்மன் கையில் சங்கு சக்கர ரேகை, உலகாளவே பிறந்தவன். வந்தியத்தேவனோ அவசரக்காரன், வாய்த்துடுக்கால் வம்பில் சிக்கிப் பொய் சொல்லித் தப்புகிறவன். நூலின் பெயர் முன்னவனுக்கு. கதையை நடத்துபவன் பின்னவன். காரணம் யாது? தவறவே மாட்டாதவனுக்காக நாம் அஞ்சுவதில்லை. அச்சமில்லாத இடத்தில் ஆர்வமும் இல்லை. அருள்மொழியும், கைக்கெட்டிய மணிமுடியை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுக்கும்போதே நம் நெஞ்சை அள்ளுகிறான். அது ரேகை தந்த பெருமையன்று. அவனே தேர்ந்த பெருமை.

ஜூரோங் வாசகர்க்கு இவ்வுண்மை புதிதன்று. 1961இல் இச்சதுப்பு நிலத்தைத் தொழிற்பேட்டையாக்கும் பணி தொடங்கியது. ஆலைகள் வரத் தயங்கின. நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் மடமை என்று எள்ளினர். வெற்றி உறுதியாக இருக்கவில்லை. அதனாலன்றோ அக்கதை இன்றும் சுவைக்கிறது! எழுத்தாள அன்பர்களே, ரேகை பார்த்துத் தலைவனைப் படைக்க வேண்டா.